உப்புப் போட்ட பனி

ஊசிப்பாறை எஸ்டேட்
மேல் டிவிஷன், ஏழாம் லயம்
மூணாறு வழி
4-1-1976, ஞாயிறு

சேசு மரி சூசை

தம்பி மிக்கேலுக்கு அக்கா அன்னமேரி எழுதுறது.

கிறிஸ்துமசுக்கு வாறேன்னு சொல்லிட்டு வராதவனுக்குக் கடுதாசி ஒரு கேடான்னுதான் இத்தன நாளும் இருந்தேன். நீ வர முடியாதுன்னு எனக்குத் தெரியாமலா? ஸ்ட்ரைக்குல கங்காணி மகன் சட்டையப் பிடிச்சுட்டு ஓடிப்போன ஆளு நீ. எஸ்டேட் கேட்டுக்குள்ள கால வச்சா போலீசுல பிடிச்சுக் குடுப்போம்னு இன்னமும் ஆபீசுல சொல்லிட்டுத்தான் இருக்காங்க, அதுவும் இந்த எமர்ஜென்சி நேரத்துல. ஆனா முடியலன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல. ஒனக்குன்னு டப்பாவுல போட்டு வச்ச முந்திரிக்கொத்த புதன்கிழமை வரைக்கும் வச்சுப் பாத்துட்டு ஒங்க அத்தான்தான் தின்னு தீத்தாரு.

இப்ப எழுதுறது வேற சங்கதி. போன திங்கக்கிழமை எட்டாம் நம்பர் காட்டுல கொழுந்து மூட்டையத் தூக்கிட்டு எறங்கும்போது சறுக்கி விழுந்துட்டேன். வலது கை அடியில மாட்டிக்கிச்சு. மணிக்கட்டுல சுண்டுவிரல் பக்கமா கொழுக்கட்டை கணக்கா வீங்கி, முழங்கை வரைக்கும் இழுத்துப் பிடிக்குது. எலும்பு முறியலன்னு டிஸ்பென்சரி கம்பவுண்டரு சொல்லி, ஒரு எண்ணெயும் பதினெட்டாம் தேதி வரைக்கும் சீக்கு லீவும் குடுத்தாரு. பத்தொம்போது காலையில பெரட்டுக்குப் போய் நிக்கணும். பேரு கூப்பிட்டதும் ஆஜர் சொன்னா மட்டும் பத்தாது, கொழுந்து எடுத்துக் காட்டணும். எடுக்க முடியலன்னா பெரிய டாக்டரு வந்து பாத்து, வேலைக்கு ஆகாதுன்னு எழுதிருவாரு.

எழுதிட்டா என்ன ஆகும்னு ஒனக்குச் சொல்ல வேண்டாம். அத்தான் பேர நெஞ்சு சீக்குன்னு சொல்லி வெட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப இந்த வீட்டுல ஆபீசு செக்ரோல் பதிவுல இருக்குறது என் பேரு ஒண்ணுதான். அதயும் வெட்டிட்டா லயத்துல வீடு கெடையாது. போன மழையில கத்தரீனாள் குடும்பம் சட்டி பானையோட ரோட்டுல நனைஞ்சுட்டு நின்னத என் கண்ணால பாத்தேன். கை வலியவிட எனக்கு இந்தப் பயம்தான் பெருசா இருக்கு.

இத எழுதி முடிக்கிறதுக்குள்ள நாலு தடவ பேனாவக் கீழ வச்சுட்டேன். எனக்காக ஒரு செபமாலை சொல்லு, மறக்காத.

அன்னமேரி

❖

கஞ்சிக்கோடு
6-1-1976

அக்காவுக்கு மிக்கேல்.

முந்திரிக்கொத்து போனா போகட்டும், அத்தான் வயித்துக்குள்ளதான போயிருக்கு. கை சங்கதியப் படிச்சதும் எனக்குச் சோறு எறங்கல. ஆனா நீ பயப்படாத. நீ கேக்க வேண்டிய ஆளுகிட்டதான் சொல்லியிருக்க.

நான் வேலை பாக்குறது ஐஸ் கம்பெனியில. பொன்னானியிலேர்ந்து கோயமுத்தூருக்குப் போற மீன் லாரிக எல்லாம் இங்க நின்னு ஐஸ் ஏத்திட்டுத்தான் போகும். போன மாசம் காளிச்சாமின்னு எங்கூட வேலை செய்யுறவன் கால் மேல ஒரு பெரிய ஐஸ் பாளம் சரிஞ்சு விழுந்துருச்சு. கணுக்கால் பூசணிக்கா மாதிரி ஆயிருச்சு. "ஏனுங்க மிக்கேலு, இந்தக் கால வெட்டிப் போட்ருங்க"ன்னு அழுதான். எங்க போர்மேன் மலையாளத்துக்காரரு, ரொம்ப வெவரம். ஐஸ ஒடச்சு சாக்குத் துண்டுல கட்டி, அந்தக் கால் மேல வச்சாரு. கால் மணி நேரம் வைக்கிறது, எடுக்குறது, ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திரும்ப வைக்கிறது. அந்தக் குளிர்ச்சி வலிய அப்படியே அமுக்கிப் போட்டுருச்சு. மூணாம் நாள் காளிச்சாமி நடந்தே வீட்டுக்குப் போனான். பாலக்காட்டுல பந்து வெளையாடுற பையன்களுக்கு டாக்டருங்களே இததான் செய்யுறாங்களாம், போர்மேன் சொன்னாரு.

ஒங்களுக்கு ஐஸ் வேணும்னா கம்பெனிக்கு வர வேண்டியதில்ல, தையும் மார்கழியும் ஆண்டவரு வாசல்லயே போடுறாரு. நாலு தட்டுல தண்ணி ஊத்தி ராத்திரி புல்லு மேல வையி. விடியக்காலம் ஒறஞ்சு போயிருக்கும். ஒடச்சுத் துணியில கட்டி மணிக்கட்டு மேல வையி. எனக்கு எழுது.

மிக்கேல்

❖

ஏழாம் லயம்
11-1-1976, ஞாயிறு

ஏலே மிக்கேலு,

நீ சொன்ன மாதிரி மூணு நாளா செய்யுறேன். லயமே என்னப் பாத்துச் சிரிக்குது. அவனவன் கம்பளியப் போத்திக்கிட்டு அடுப்பக் கட்டிப் பிடிச்சுட்டுக் கெடக்கான், நான் விடியக்காலம் புல்லுல பனிக்கட்டி பொறுக்கிட்டுத் திரியுறேன். பக்கத்து வீட்டு செபமாலையம்மாள், "அன்னமேரிக்குக் கையில இல்ல, தலையில அடி"ன்னு சொல்லிட்டு அலையுறா. இந்த வருஷம் பனியும் கொஞ்ச நஞ்சமில்ல. நாத்துப் பாத்தியில வேலை பாக்குற பெரியமுத்து வெயில் வர்றதுக்கு முன்ன தண்ணி தெளிச்சுட்டு இருக்கான். ஒறபனி விழுந்த எல மேல நேரா வெயில் பட்டா கருகிப் போயிரும்ல, அதுக்குத்தான்.

உள்ளதச் சொல்றேன், வலி கேக்குது. வச்சு எடுத்தா பெரட்டு மணி அடிக்கிற வரைக்கும் கை லேசா இருக்கு. வீக்கமும் பாதி வத்தியிருக்கு. ஆனா வெயில் ஏற ஏற திரும்பி வந்துருது. நேத்து பின்பக்கத்து வேலித் தேயிலையில கிள்ளிப் பாத்தேன். பத்து கொழுந்து எடுக்குறதுக்குள்ள மணிக்கட்டு சொல்றதக் கேக்க மாட்டேங்குது. இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. எட்டு நாள்ல இது ஆறாது, எனக்குத் தெரியுது. ராத்திரி அத்தான் இருமுறத கேட்டுக்கிட்டே, இந்த மனுசன நான் எந்த ரோட்டுல கொண்டுபோய் வைப்பேன்னு நெனச்சுட்டுக் கெடக்கேன்.

இதவிட வெரசா கேக்குறதா ஏதாச்சும் இருக்காலே? ஒங்க போர்மேன்ட்ட கேளு. ஆனா ஒண்ணு. நீ பால் பல்லு விழுறதுக்கு முன்னாலேயே அளந்து விட ஆரம்பிச்சவன். எதச் சொன்னாலும் நீயே செஞ்சு பாத்ததா இருக்கணும். செஞ்சு பாத்தேன்னு மாதா மேல ஆணையா எழுது. அப்பத்தான் செய்வேன்.

அன்னமேரி

❖

கஞ்சிக்கோடு
13-1-1976

அக்காவுக்கு,

ஒன் கடுதாசி இன்னைக்கு மத்தியானம் கெடச்சுது. ஒடனே எழுதுறேன், ஒனக்கு நாள் இல்ல.

உப்பு. அதுதான் மருந்து. எங்க கம்பெனியில ஐஸு எப்படி ஆகுதுன்னு நெனைக்க? பெரிய தொட்டி நெறய உப்புத் தண்ணி. அது ஒறயாது, ஆனா ஐஸவிட பல மடங்கு குளிரு. அதுக்குள்ளதான் தண்ணி டப்பாவ எறக்கி வைப்போம், ராத்திரிக்குள்ள பாறை ஆயிரும். உப்புச் சேந்தாத்தான் ஐசுக்குப் பலம். வெறும் பனிக்கட்டி அர மணியில செய்யுற வேலைய உப்புப் போட்ட பனி பத்து நிமிஷத்துல செய்யும்.

ஒடச்ச பனிக்கட்டி மூணு கைப்பிடின்னா கல்லுப்பு ஒரு கைப்பிடி. அகலமான சட்டியில போட்டு, துணி கிணி எதுவும் இல்லாம நேரா கைய வையி. பத்து நிமிஷம். மொதல்ல கடிக்கும், பல்லக் கடிச்சுக்கோ. அப்புறம் மரத்துப் போயிரும். மரத்துப் போனா வலி செத்துப் போச்சுன்னு அர்த்தம். மூணு காலையில செஞ்சா நீ திங்கக்கிழமை பெரட்டுல நிப்ப.

நானே பத்து நிமிஷம் கைய வச்சுப் பாத்தேன். மாதா மேல ஆணை. போதுமா?

மிக்கேல்

❖

கஞ்சிக்கோடு
15-1-1976

அக்கா, உப்புப் போடாத.

மொதல்ல இத எழுதிட்டேன். மத்ததெல்லாம் பெறகு படி. போட்டிருந்தா நிறுத்திரு. ஒரு தடவகூட வேண்டாம்.

நான் வச்சுப் பாக்கல. மாதா மேல ஆணையாப் பொய் எழுதினேன். போர்மேன்கிட்டயும் கேக்கல. அவரு அன்னைக்கு லீவு. நீ ரோட்டுல நிக்கிற மாதிரி கண்ணுக்குள்ள வந்துச்சு, என் மண்டையில தோணினத எல்லாம் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்.

எழுதிப் போட்டதுலேர்ந்து நெஞ்சு உறுத்திட்டே இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட என்னன்னு சொல்ல? இனிமேயாவது பத்து நிமிஷம் கைய வச்சுட்டா எழுதினது பொய் இல்லன்னு ஆயிரும்ல. அப்படி ஒரு புத்தி. இன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் காளிச்சாமி கொண்டாந்த பொங்கலத் தின்னுட்டு இருந்தாங்க. நான் போய் தொட்டி மூடியத் தூக்கி எடது கைய உள்ள விட்டேன். எறும்பு அப்புன மாதிரி கடிச்சுது. பெறகு எலும்புக்குள்ள நொழஞ்சுது. பெறகு ஒண்ணுமே இல்ல, அக்கா. கை இருக்கா இல்லையான்னே தெரியல. வலியே இல்ல. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு.

போர்மேன் பாத்துட்டு ஓடியாந்து சட்டையப் பிடிச்சு இழுத்தாரு. அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது. விரலு மூணும் வெளுத்து, மெழுகுதிரி மாதிரி கெட்டியா இருந்துச்சு. வெதுவெதுப்பான தண்ணியில வச்சாரு. உணர்ச்சி திரும்பினப்போ நான் கத்துன கத்து ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். இப்ப கொப்புளமா நிக்குது. அவரு என்ன அடிக்காததுதான் பாக்கி. "துணி சுத்தி வச்சா ஐஸ் மருந்துடா. உப்புப் போட்டா அது தீயி"ன்னாரு. வேற கம்பெனியில உப்புத் தண்ணியில நனஞ்ச கையுறையோட வேலை செஞ்ச ஒருத்தனுக்கு நாலு விரலு கருத்து விழுந்துச்சாம். அந்த ஆளு இப்ப எங்க கேட்டுல வாச்மேனா இருக்கான். தெனமும் அவனப் பாத்துட்டுத்தான் உள்ள வாறேன், ஒரு நாள் கூட என்ன ஆச்சுன்னு கேட்டதில்ல.

தந்தி ஆபீசு மூடிட்டாங்க. விடிஞ்சதும் தந்தி குடுக்கேன். கடுதாசி பிந்தினாலும் தந்தி நாளைக்கே வந்துரும். வந்துரணும்.

மிக்கேல்

❖

ஏழாம் லயம்
16-1-1976, வெள்ளி

ஏலே தம்பி,

ஒன் வாய்க்குச் சக்கரை போடணும்லே. ஒன் பதிமூணாந் தேதிக் கடுதாசி நேத்து வந்துச்சு. இன்னைக்கு விடியக்காலமே செஞ்சுட்டேன். சட்டியில பனிக்கட்டியும் உப்பும் போட்டு நீ சொன்ன கணக்குக்குக் கைய வச்சேன். என்னத்தச் சொல்ல, உயிர் போயி உயிர் வந்துச்சு. அத்தான் பக்கத்துல உக்காந்து அருள்நிறைந்த மந்திரம் சொல்லிக் கணக்குப் பாத்தாரு. அம்பது சொல்றதுக்குள்ள வலி மொத்தமா போயிருச்சு. பதினெட்டு நாளா என்னக் கொன்ன வலிலே. நான் அழுதுட்டேன்.

எடுத்ததும் வேலித் தேயிலைக்குப் போய்க் கிள்ளினேன். மடி நெறய எடுத்தேன். மணிக்கட்டு ஒரு வார்த்தை பேசல. இன்னும் நாளைக்கும் ஞாயித்துக்கிழமையும் வச்சுட்டா, திங்கக்கிழமை கங்காணி மொகத்துக்கு நேரா நின்னு ஆஜர் சொல்லுவேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். விரலு வெளுத்துத்தான் இருக்கு. காலையில ஆறு மணிக்கு எடுத்தது, இப்ப மத்தியானம் ரெண்டு. இன்னும் உணர்ச்சி வரல. கருப்பட்டிக் காப்பி கொதிக்கக் கொதிக்க டம்ளர் அடியில சுண்டுவிரலக் குடுத்துப் பிடிச்சிருக்கேன், சுட்டதே தெரியல. செபமாலையம்மாள் அதப் பாத்துட்டா. அவ மொகம் மாறிப் போச்சு. சட்டுன்னு எந்திரிச்சுப் போயிட்டா. அவ என்ன நெனச்சிருப்பான்னு எனக்குத் தெரியும். தோலு வெளுத்து உணர்ச்சி போனா இந்த லயத்துல அதுக்கு ஒரு பேருதான் இருக்கு. அந்தப் பேர எழுத எனக்குத் தைரியமில்ல.

நீ பத்து நிமிஷம் வச்சவன்ல, ஒனக்குத் தெரியும். ஒனக்கு எத்தன மணி நேரத்துல உணர்ச்சி திரும்பிச்சு? அத மட்டும் ஒடனே எழுது.

அத்தான் கொஞ்ச முன்ன ஆபீசு பக்கம் போய்ட்டு வந்தாரு. வந்ததுலேர்ந்து ஒரு மாதிரியா இருக்காரு. என் மொகத்தப் பாக்க மாட்டேங்காரு. கேட்டா நெஞ்சு அடைக்குதுன்னு சொல்றாரு. அதுவும் எனக்குப் பயமா இருக்கு.

அன்னமேரி

❖

மறையூர்
20-1-1976

அக்காவுக்கு,

ஒன் வெள்ளிக்கிழமைக் கடுதாசி நேத்து கெடச்சுது. எனக்கு எத்தன மணி நேரத்துல திரும்பிச்சுன்னு கேட்டிருக்க. அந்த வரிக்கு மேல என்னால படிக்க முடியல. அப்படியே ஒடுமலப்பேட்டைக்கு பஸ் ஏறிட்டேன். இங்க வரைக்கும் வந்துட்டேன். கரும்பாலையில சர்க்கரை காய்ச்சுற கொப்பரை பக்கத்துல உக்காந்து எழுதுறேன். மேல உள்ள பஸ்ஸு ரெண்டு போயிருச்சு. ரெண்டுலயும் ஏறப் போயி எறங்கிட்டேன்.

பயந்தாங்கொள்ளின்னு சொல்லிக்கோ. கேட்டுல பிடிச்சா, இந்த நேரத்துல எப்ப வெளிய விடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதவிட, ஒன் கையப் பாக்கணுமேன்னுதான் எனக்குப் பயம்.

தந்தி வந்துச்சா இல்லையா? வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்குக் குடுத்தேன். உப்பு வேண்டாம், கைக்கு ஆபத்துன்னு இங்கிலீசுல எழுதிக் குடுத்தாரு தந்தி மாஸ்டரு. வந்திருந்தா சனிக்கிழமை நீ கைய வச்சிருக்க மாட்ட. வச்சியா? விரலு என்ன நெறத்துல இருக்கு? அடுப்புல காட்டாத. தேய்க்காத. கொப்புளத்த ஒடைக்காத. போர்மேன் சொன்னதெல்லாம் எழுதிட்டேன்.

இந்தக் கடுதாசிய பஸ் கண்டக்டரு மரியஜோசப் கையில குடுத்து விடுறேன், நம்ம கோயில் பங்குக்காரருதான். பதில அவருகிட்டயே குடு. வான்னு ஒரு வார்த்தை எழுதினா கேட்டத் தாண்டி வந்துருவேன். என்ன பிடிச்சாலும் சரி, டாக்டருகிட்ட நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லிட்டு அப்புறம் போறேன்.

மிக்கேல்

❖

21-1-1976

மிக்கேலு,

எடது கையில எழுதுறேன். கோழி கெளறின மாதிரி இருக்கும். கூட்டிப் படிச்சுக்கோ.

ஒன் பதினஞ்சாந் தேதிக் கடுதாசி திங்கக்கிழமைதான் கெடச்சுது. தந்தி வெள்ளிக்கிழமையே வந்துருச்சு. ஆபீசுல அத்தான் கையில குடுத்திருக்காங்க. நம்ம லயத்துக்குத் தந்தின்னா எதுக்கு வரும்? எழவுக்குத்தான வரும். நீ செத்துப் போயிட்டன்னு நெனச்சுட்டாரு. அவருக்கு இங்கிலீசு தெரியாது. பிரிச்சுக்கூடப் பாக்கல. என்கிட்டச் சொன்னா நான் ஒடஞ்சு போயிருவேன், கை வைத்தியமும் கெட்டுரும், திங்கக்கிழமை பெரட்டும் போயிரும்னு தலகாணிக்கு அடியில மறச்சு வச்சிருக்காரு. திங்கக்கிழமை நான் ஆஜர் சொன்ன பெறகு சொல்லலாம்னு இருந்தாராம். சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் நான் உப்புல கைய வைக்க, அவரு பக்கத்துல உக்காந்து கண்ணத் தொடச்சுக்கிட்டே மந்திரம் எண்ணினாரு. நான் அவருக்கு நெஞ்சு வலின்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கிழமை செபத்துக்கு உபதேசியார் வந்தாரு. மனுசனால அதுக்கு மேல தாங்க முடியல. எல்லாரும் இருக்கும்போதே எந்திரிச்சு, மச்சினன் மிக்கேல் ஆத்துமத்துக்காக ஒரு செபம் சொல்லணும்னுட்டு ஓன்னு அழுதாரு. எனக்கு ஒலகமே இருட்டிப் போச்சு. ஒன் ஆத்துமத்துக்குப் பாதிச் செபம் சொல்லியாச்சுலே. பெறகுதான் உபதேசியார் தந்திய வாங்கிப் பிரிச்சாரு. படிச்சுட்டு என் கையத்தான் பாத்தாரு.

நீ உசுரோட இருக்கன்னு சந்தோசப்படுறதா, என் கையப் பாத்து அழுறதா? ரெண்டும் ஒண்ணா வந்துச்சு.

அத்தான் ஓடிப்போய் அடுப்பக் கெளறி கையத் தீயில காட்டச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். பனி விழுந்த தேயிலைக்கு வெயில் ஆகுமா? தண்ணிதான ஊத்துறோம். கை பொறுக்குற சூட்டுல தண்ணி வச்சு அதுல முக்கினேன். அப்ப வந்த வலிய நான் எழுத மாட்டேன். சுண்டுவிரல் நுனி கருநீலமா இருக்கு. பக்கத்து விரலும் அப்படித்தான். நடுவிரல்ல கொப்புளம். கையே வீங்கித் துணிக்கட்டா கெடக்கு.

திங்கக்கிழமை பெரட்டுக்குப் போகல. செபமாலையம்மாள் தண்ணிக் கொழாயில என் கொடத்த ஒதுக்கி வச்சா. பெருவியாதின்னு லயம் முழுக்கப் பேச்சு. நாளைக்குப் பெரிய டாக்டரு வாறாரு. அவரு வாயில என்ன வருமோ.

நீ வராத. நீயும் பிடிபட்டா நான் எதுக்குன்னு அழ? கஞ்சிக்கோட்டுக்குத் திரும்பிப் போ.

அன்னமேரி

❖

கஞ்சிக்கோடு
2-2-1976

அக்காவுக்கு,

நீ சொன்ன மாதிரியே மறையூர்லேர்ந்து திரும்பி வந்துட்டேன். வந்து பத்து நாளாச்சு. ஒரு கடுதாசியும் இல்ல. தபால்காரன் சைக்கிள் மணி கேட்டா வேலையப் போட்டுட்டுக் கேட்டுக்கு ஓடுறேன். தந்தின்னா எழவுன்னு நீ எழுதினதுலேர்ந்து எனக்கும் அந்தப் பயம் பிடிச்சுக்கிச்சு.

என் கையில தோலு உரிஞ்சு புதுத் தோலு வந்துட்டு இருக்கு. குளிர்ந்த தண்ணி பட்டா மட்டும் சுரீர்னு இழுக்குது. எனக்கு ஆறுறதப் பாத்தா வெக்கமா இருக்கு. போர்மேன் தெனமும் ஒன்னப் பத்திக் கேக்காரு. சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். பொய் ஆணை போட்டதுக்குப் பத்து செபமாலை சொல்லச் சொன்னாரு. பத்து செபமாலையில ஒன் விரலு திரும்புமான்னு கேக்க வாய் வரல.

பேர வெட்டிட்டாங்களா? வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களா? எதுவா இருந்தாலும் எழுது. ஒன்னால முடியலன்னா அத்தான எழுதச் சொல்லு. இங்க எனக்கு ஒரு ரூம்பு இருக்கு, ரெண்டு பேரும் வந்துருங்க. நீ என்ன வேணும்னாலும் திட்டு. எழுதாம மட்டும் இருக்காத.

மிக்கேல்

❖

ஏழாம் லயம்
15-2-1976, ஞாயிறு

சேசு மரி சூசை

தம்பி மிக்கேலுக்கு,

நல்லதா கெட்டதான்னு தெரியாம எழுத வேண்டாம்னு இருந்தேன். இப்பத் தெரிஞ்சுருச்சு.

பெரிய டாக்டரு மொதல்ல ஊசியும் பஞ்சும் வச்சுக் கை, காது, முதுகு, கால் எல்லாம் குத்திப் பாத்தாரு. ஒவ்வொரு குத்துக்கும் நான் ஆன்னு கத்தக் கத்த எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. பெருவியாதி இல்ல, ஒறபனி தாக்கினதுன்னு வெளியில வந்து எல்லார் காதுலயும் விழுற மாதிரிச் சொன்னாரு. செபமாலையம்மாள் மறுநாள் என் கொடத்த அவளே நெறச்சுக் கொண்டாந்து வச்சா.

யாரு ஒனக்கு இந்த வைத்தியம் சொன்னதுன்னு டாக்டரு கேட்டாரு. யாரும் சொல்லல, வலி பொறுக்காம நானா செஞ்சேன்னுட்டேன். ஐஸ் நல்ல மருந்துதான், துணியில கட்டி வச்சிருந்தா இந்நேரம் சொகமாயிருப்ப, உப்பு யாரு போடச் சொன்னதுன்னு கோவிச்சுக்கிட்டாரு. நீ தீயில காட்டியிருந்தா நடுவிரலும் போயிருக்கும், தண்ணியில வச்சது புத்திசாலித்தனம்னாரு. சுண்டுவிரல்ல மேல் கணுவும், மோதிர விரல்ல நகம் வரைக்கும் போயிரும். கருப்பு நின்ன எடத்துல தானா எல்லை கட்டணுமாம், அப்புறம்தான் எடுப்பாங்க. நடுவிரல் பொழச்சுக்கிச்சு. மணிக்கட்டு ஒரு மாசம் சும்மா கெடந்ததுல அதுபாட்டுக்கு ஆறிப் போச்சு.

வேலைக்கு ஆகுமா ஆகாதான்னு டாக்டரு அன்னைக்கே எழுதல, மூணு வாரம் தவணை குடுத்தாரு. அந்த மூணு வாரமும் நான் தூங்குனேன்னு சொன்னா அது பொய். போன வியாழக்கிழமை எட்டாம் நம்பர் காட்டுலயே என்ன நிறுத்தி, டாக்டரும் சூப்பர்வைசரும் கங்காணியும் பாக்கக் கொழுந்து எடுக்கச் சொன்னாங்க. கட்டுப் போட்ட கையோட குனிஞ்சேன். ரெண்டு எலயும் ஒரு மொட்டுமா வந்துட்டே இருந்துச்சு. கூடையில பாதி ஏறினதும் டாக்டரு போதும்னுட்டாரு. பேரு செக்ரோல்ல இருக்கு. திங்கக்கிழமை பெரட்டுக்குப் போறேன். அத்தான் அன்னைக்கு ராத்திரி ஒரு தடவகூட இருமல, நம்புவியோ என்னமோ.

எப்படி எடுத்தன்னு நீ கேப்ப. அதத்தான் எழுதணும்னு உக்காந்தேன்.

நீ பொய் சொன்னேன்னு மூணு கடுதாசி அழுதுட்ட. நானும் ஒண்ணு மறச்சுட்டேன். நீ சொன்ன மாதிரி கைய வச்சேன்னு எழுதினேன்ல, முழுக் கையும் வைக்கல. மாதா மேல ஆணைன்னு நீ எழுதினத மூணு தடவ படிச்சேன். படிச்சுட்டு எந்திரிச்சு ஒரு துணியத் தேடினேன். கட்டவிரலயும் ஆள்காட்டி விரலயும் சேத்துச் சுத்தி, சட்டிக்கு மேல நிமித்திப் பிடிச்சுக்கிட்டு, சுண்டுவிரல் பக்கமாச் சாச்சுத்தான் வச்சேன். மூணு காலையும் அப்படித்தான். அத்தானுக்குக்கூட ஏன்னு சொல்லல. கொழுந்து கிள்ளுறது அந்த ரெண்டு விரலுதான். இந்த வீட்டுக்கு ரெண்டு வருஷமா கஞ்சி ஊத்துறதும் அதுதான். மத்த விரல ஒன்ன நம்பிக் குடுத்தேன். அந்த ரெண்ட மட்டும் குடுக்க எனக்கு மனசு வரல, மிக்கேலு.

கூடப் பிறந்தவன் ஆணைய நம்பாதவளான்னு ஒனக்குக் கோவம் வந்தா வரட்டும். அந்த ரெண்டு விரலாலதான் இத எழுதுறேன்.

அன்னமேரி